கப்பலின் குட்டிப் படகு: காற்றடைத்த டிங்கியைக் கையாளப் பழகுவோருக்கு

பாய்மரக் கப்பலில் புதிதாகச் சேர்பவர்கள் பாய், கயிறு, முடிச்சு என்று எல்லாவற்றையும் ஆர்வமாகக் கற்றுக்கொள்கிறார்கள். டிங்கியை மட்டும் யாரும் பாடமாக எடுத்துக்கொள்வதில்லை. "ரப்பர் படகுதானே, ஏறி உட்கார்ந்து ஓட்டினால் போயிற்று" என்ற நினைப்பு. ஆனால் கப்பல் நங்கூரமிட்ட பிறகு எல்லா வேலைக்கும் இதுதான் ஓடவேண்டும். ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவது, தண்ணீர் கேன், பெட்ரோல், சாமான் ஏற்றிவருவது, அவசரத்துக்கு இரண்டாவது நங்கூரத்தைத் தள்ளிக் கொண்டுபோய்ப் போடுவது எல்லாமே இதன் தலையில்தான். அத்தனைக்கும் ஓட்டுகிறவர் பெரும்பாலும் கப்பலிலேயே அனுபவம் குறைந்தவராக இருப்பார். அதனால் இதை ஒரு தனிப் படகாகவே மதித்துப் பழகுவது நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிங்கி உயிர்காப்புத் தெப்பம் அல்ல. தெப்பம் கயிற்றை இழுத்ததும் வாயு உருளையால் தானே விரியும். மேலே கூரையும் அடியில் கவிழாமல் பிடிக்கும் நீர்ப்பைகளும் உண்டு. டிங்கிக்கு இவை எதுவும் கிடையாது. 1952இல் பிரெஞ்சு மருத்துவர் அலென் பொம்பார் காற்றடைத்த படகு ஒன்றில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தது உண்மைதான். அதைச் சொல்லித் தெப்பத்துக்குப் பதில் டிங்கி போதும் என்று யாராவது வாதாடினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

உங்கள் டிங்கி எந்த வகை?

இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, துணி. பி.வி.சி. என்றால் விலை குறைவு, எடை குறைவு, ஆனால் வெயிலில் சீக்கிரம் நொந்துபோகும். ஹைப்பலான் என்று எல்லோரும் சொல்லும் செயற்கை ரப்பர் துணி விலை அதிகம், வெயிலையும் பெட்ரோல் சிந்துவதையும் நன்றாகத் தாங்கும். எது என்று தெரியாமல் பஞ்சர் ஒட்ட உட்காராதீர்கள். இரண்டுக்கும் பசை வேறு.

இரண்டாவது, தரை. மரப்பலகை அல்லது அலுமினியத் தகடு போட்ட தரை, காற்றடைத்த தரை, அடிப்பாகம் முழுவதும் கண்ணாடியிழையாலோ அலுமினியத்தாலோ ஆன கெட்டித் தரை என்று மூன்று வகை பரவலாக உண்டு. கடைசி வகையை மடித்து வைக்க முடியாது, ஆனால் அலையில் ஓட்ட அதுதான் சுகம்.

என்ஜினை மாட்டும் பின்பலகையின் உட்புறம் ஒரு தகடு அல்லது ஒட்டுத்தாள் இருக்கும். எத்தனை பேர், எத்தனை கிலோ, அதிகபட்சம் எவ்வளவு குதிரைத்திறன் என்று போட்டிருக்கும். அது அமைதியான தண்ணீருக்கான உச்ச அளவு. அலை இருக்கும் நாளில் நாலு பேர் படகில் நாலு பேரை ஏற்றாதீர்கள். இரண்டு நடையாகப் போனால் என்ன குறைந்துவிடும்?

காற்றடிப்பது

புதியவர்கள் அதிகம் பிசகும் இடம் இது. "கெட்டியாக இருக்கிறதே, போதும்" என்று கைவிரலால் அமுக்கிப் பார்த்து நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலான டிங்கிகளின் பக்க டியூப்களுக்குத் தேவையான அழுத்தம் சுமார் 0.25 பார், அதாவது 240, 250 மில்லிபார். உயர் அழுத்தக் காற்றுத் தரைக்கு 0.7, 0.8 பார் வரை போகும். பாத பம்ப்பால் முதலாவதை எளிதாக எட்டலாம். இரண்டாவதுக்குக் கொஞ்சம் வியர்க்கவேண்டும். சரியான எண்ணை உங்கள் படகின் வால்வுக்குப் பக்கத்திலோ கையேட்டிலோ பாருங்கள். ஒரு அழுத்தமானியை பம்ப்போடு கட்டி வைத்துவிடுங்கள்.

வரிசை இப்படி:

1. மேல்தளத்தில் ஒரு இடத்தைப் பெருக்கி, கூர்மையான எதுவும் இல்லை என்று பார்த்து, படகை விரியுங்கள்.
2. பலகைத் தரை என்றால் காற்றடிக்கும் முன்பே பொருத்துங்கள். காற்றுத் தரை என்றால் சுருக்கமில்லாமல் படுக்கவையுங்கள்.
3. வால்வின் நடுவே உள்ள ஊசியைப் பாருங்கள். அமுக்கித் திருப்பினால் உள்ளே மாட்டிக்கொள்ளும் வகை என்றால், ஊசி மேலே எழும்பியிருக்கும்போதுதான் காற்று உள்ளே போகும், வெளியே வராது. அது கீழே மாட்டியிருந்தால் பம்ப்பைக் கழற்றிய நொடியில் அடித்த காற்றெல்லாம் புஸ்ஸென்று போய்விடும்.
4. எல்லா அறைகளையும் முதலில் பாதி அளவுக்கு நிரப்புங்கள். ஒரு அறையை முழுதாக நிரப்பிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். அறைகளுக்கு நடுவே உள்ள துணித் தடுப்பு ஒரே பக்கமாக உந்தப்பட்டு ஒட்டு விட்டுப்போகலாம்.
5. காற்றுத் தரையை நிரப்புங்கள். பிறகு பக்க டியூப்களை முழு அழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் கீல் டியூப் இருந்தால் அது கடைசி. உங்கள் கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே கேளுங்கள்.
6. வால்வு மூடியைத் திருகுங்கள். மூடிதான் கடைசிக் காவல். அது இல்லாத வால்வில் மணல் ஒரு துகள் சிக்கினாலும் இரவெல்லாம் கசியும்.

வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் டியூப்பின் அழுத்தம் சுமார் 4 மில்லிபார் மாறும். 35 டிகிரி சுடும் தளத்தில் 240 வரை அடித்துவிட்டு 25 டிகிரித் தண்ணீரில் இறக்கினால் 40 மில்லிபார் காணாமல் போகும். ஓட்டை என்று பயப்படவேண்டாம், தண்ணீரில் இறக்கிய பிறகு இன்னும் கொஞ்சம் அடித்தால் சரி. எதிர்த்திசையும் உண்டு: குளிர்ந்த காலையில் முழுதாக அடித்து, நடுப்பகல் வெயிலில் தளத்திலேயே விட்டுவைத்தால் டியூப் விண்ணென்று நிற்கும். கொஞ்சம் காற்றை விட்டுவிடுங்கள்.

என் அனுபவத்தில் அதிகக் காற்றால் கெட்ட டிங்கியை விடக் குறைந்த காற்றால் கெட்டவைதான் அதிகம். தொளதொளவென்ற டியூப்போடு ஓட்டினால் ஒவ்வொரு அலைக்கும் படகு நடுவில் மடங்கி நிமிரும். என்ஜின் எடையோடு பின்பலகை முன்னும் பின்னும் ஆடும். பலகை டியூப்போடு ஒட்டியிருக்கும் விளிம்பில்தான் அந்த ஆட்டம் முழுக்க வந்து சேரும். அந்த ஒட்டு விட்டால் சரிசெய்வது பெரிய வேலை.

தண்ணீரில் இறக்குவது

பின்பலகையின் அடியில் உள்ள வடிகால் அடைப்பான் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, டிங்கியின் முன்முனையில் உள்ள கட்டுக்கயிற்றின் மறுமுனையைக் கப்பலில் கட்டுங்கள். படகைத் தூக்கும் முன்பே கட்டவேண்டும். இறக்கிவிட்டு, "அட, யார் கட்டினது?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கையில் டிங்கி காற்றோடு போய்க்கொண்டிருக்கும்.

பாயேற்றும் கயிறு ஒன்றைப் பயன்படுத்தித் தூக்குவதுதான் வழக்கம். முன்னே ஒரு வளையம், பின்பலகையில் இரண்டு என்று மூன்று புள்ளிகளில் கட்டிய தொங்குகயிறு இருந்தால் படகு மட்டமாக எழும்பும். பக்கத்தில் உள்ள கைப்பிடிகளில் மாட்டித் தூக்காதீர்கள். அவை ஆள் பிடித்துக்கொள்ள மட்டுமே. தூக்கும்போது உள்ளே யாரும் இருக்கக்கூடாது, அடியிலும் நிற்கக்கூடாது. ஒருவர் கயிறு பிடிக்க, ஒருவர் படகு கப்பலின் பக்கத்தில் மோதாமல் தள்ளிப் பிடிக்க, இரண்டு பேர் வேண்டும்.

என்ஜின் தனியாக இறங்கவேண்டும். 6 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் ஏறக்குறைய 25 கிலோ வரும். ஆடும் படகில் நின்றுகொண்டு அதைக் கையால் வாங்குவது முதுகுக்கும் என்ஜினுக்கும் கேடு. சிறிய கப்பியில் கட்டி இறக்குங்கள். இறங்கும்போதே ஒரு பாதுகாப்புக் கயிறு அதில் கட்டியிருக்கவேண்டும், பலகையில் பொருத்திய பிறகும் அது படகோடு கட்டியே இருக்கட்டும். பிடிப்புத் திருகுகள் இரண்டையும் கையால் நன்றாக முறுக்குங்கள். ஓடும்போது அதிர்வில் அவை தளரும், அதனால் ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் ஒரு திருப்பு.

ஏறுவதும் இறங்குவதும்

டியூப்பின் மேல் கால் வைக்காதீர்கள். ஈரமான டியூப் வழுக்கும். குனிந்து, ஒரு கை கப்பலிலோ ஏணியிலோ பிடித்தபடி, நேராகப் படகின் நடுவில் கால் வையுங்கள், உடனே உட்காருங்கள். கையில் பையோடு இறங்காதீர்கள். முதலில் ஆள், பிறகு சாமான்.

கப்பலின் ஏணியில் ஏறும்போது அலையைக் கவனியுங்கள். டிங்கி அலையோடு மேலே எழும்பி உச்சிக்கு வரும் கணத்தில் ஏணியைப் பிடித்து ஏறிவிடவேண்டும். கீழே இருக்கும்போது ஏணியில் தொற்றினால், அடுத்த அலையில் டிங்கி எழும்பி உங்கள் காலை ஏணியோடு நசுக்கும். அதேபோல், கப்பலின் பின்முனை வெளியே துருத்திக்கொண்டிருக்கும் இடத்துக்கு அடியில் டிங்கியை நிறுத்தாதீர்கள். கப்பல் ஏறி இறங்கும்போது அது சம்மட்டி மாதிரி இறங்கும்.

என்ஜினைக் கிளப்புவது

கில் சுவிட்ச் கயிற்றைத் தொடையில் சுற்றி மாட்டுங்கள். ஓட்டுகிறவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு கழன்று என்ஜின் நின்றுவிடும். இது இல்லாவிட்டால் ஆளில்லாத டிங்கி வட்டமடித்து, தண்ணீரில் கிடப்பவர் மேலேயே வரும். வேகமாக ஓடும் படகிலிருந்து ஆள் விழுவதை விட அப்படி அது திரும்பி வருவதுதான் கொடுமை. அந்தந்த நாளின் முதல் ஓட்டத்தில் கயிற்றை வேண்டுமென்றே இழுத்து, என்ஜின் நிற்கிறதா என்று சோதியுங்கள். இன்னொரு கயிறு உபரியாகப் படகிலேயே இருக்கட்டும். விழுந்தவரோடு முதல் கயிறும் போய்விட்டால், மற்றவர்கள் எதைக் கொண்டு என்ஜினைக் கிளப்பி அவரை எடுக்கப் போவார்கள்?

அப்புறம் பெட்ரோல் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறங்கள். பெட்ரோல் குழாய் அடைப்பைத் திறங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். குளிர்ந்த என்ஜின் என்றால் சோக் இழுங்கள். பின்னால் யார் முகமும் இல்லை என்று பார்த்துவிட்டு, கயிற்றை மெதுவாக இழுத்து, பிடிப்பு தெரிந்ததும் ஒரே வீச்சில் இழுங்கள். கிளம்பியதும் சோக்கை மெல்ல உள்ளே தள்ளுங்கள். ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிட்டால் முதலில் அந்தக் காற்றுத் திருகைத்தான் பார்க்கவேண்டும். பாதி நேரம் அதுதான் காரணம்.

என்ஜின் பக்கத்திலிருந்து மெல்லிய நீர்த்தாரை வெளியே பீய்ச்சுகிறதா? அது குளிர்விக்கும் நீர் ஓடுகிறது என்பதற்கு அடையாளம். வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். கீழே நீர் உறிஞ்சும் துளையில் பிளாஸ்டிக் பையோ பாசியோ அடைத்திருக்கும். அப்படி இல்லையென்றால் உள்ளே நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கும்.

பெட்ரோல் நிரப்புவதைக் கப்பலின் தளத்தில் ஜன்னல், கதவுத் திறப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது. கப்பலின் உள்ளே இறங்கி அடியில் தேங்கும். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் என்றால் எண்ணெய் கலக்கவேண்டும். 50:1 என்று போட்டிருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி.

ஓட்டும்போது

தனியாக ஓட்டும்போதுதான் அதிக ஆபத்து, இது பலருக்குத் தெரிவதில்லை. ஆளும் என்ஜினும் பின்னால் இருக்க, முன்பக்கம் காலி. வேகம் கொடுத்ததும் முன்முனை எழும்பும், எதிர்காற்று அதற்கு அடியில் புகுந்து படகையே பின்புறமாகக் கவிழ்க்கலாம். தண்ணீர் கேன், பெட்ரோல் டாங்கி போன்றவற்றை முன்னே நகர்த்திக் கட்டுங்கள், நீங்களும் முடிந்தவரை முன்னே வந்து உட்காருங்கள்.

துடுப்புகள் எப்போதும் படகில் இருக்கட்டும், என்ஜின் எவ்வளவு புதிதானாலும் சரி. காற்றடைத்த படகைத் துடுப்பால் காற்றுக்கு எதிராகச் செலுத்துவது பெரும் பாடு. ஆகவே காற்றும் நீரோட்டமும் கப்பலை விட்டு வெளிக்கடல் பக்கம் தள்ளும் நாளில், என்ஜின் நின்றால் எங்கே போய்ச் சேருவோம் என்று கிளம்பும் முன் யோசியுங்கள். சின்ன மடக்கு நங்கூரமும் கயிறும் இருந்தால் அங்கேயே நின்று உதவிக்குக் காத்திருக்கலாம். லைஃப் ஜாக்கெட், நீர் இறைக்கும் குவளை, பம்ப், விசில், நீர்புகாப் பையில் கைப்பேசி அல்லது கையடக்க வி.எச்.எஃப். ரேடியோ, இவையும் கூடவே.

இருட்டிய பிறகு விளக்கு கட்டாயம். 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி, 7 மீட்டருக்குக் குறைந்த, 7 நாட் வேகத்துக்கு மேல் போக முடியாத என்ஜின் படகு சுற்றிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கைக் காட்டலாம், முடிந்தால் பக்க விளக்குகளையும் காட்டவேண்டும். துடுப்புப் போட்டு வந்தால் ஒரு டார்ச்சைத் தயாராக வைத்திருந்து, மோதல் நேராதபடி உரிய நேரத்தில் காட்டவேண்டும்.

கப்பலை நெருங்கும்போது காற்று மறைவுப் பக்கமாக, காற்றுக்கோ நீரோட்டத்துக்கோ எதிர்முகமாக, மெதுவாக வாருங்கள். முதலில் கொடுக்கவேண்டியது கட்டுக்கயிறு. அது கப்பலில் கட்டப்படும் வரை என்ஜினை நிறுத்தாதீர்கள். பக்கத்தில் யாராவது நீந்திக்கொண்டிருந்தால் கதை வேறு. அப்போது தள்ளியே என்ஜினை நிறுத்திவிட்டுத் துடுப்பால் வந்துவிடுங்கள்.

கரையும் படகுத்துறையும்

மணற்கரையில் அலை குறைவாக இருந்தால் சிக்கல் இல்லை. ஆழம் குறையும் முன் என்ஜினை நிறுத்தி மேலே தூக்குங்கள், இறங்குங்கள், படகைத் தூக்கிக்கொண்டு போங்கள். இழுத்துப் போகாதீர்கள். அலை இருந்தால் ஒரு விதியை மறக்கவேண்டாம்: படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதீர்கள். அடுத்த அலை படகை உங்கள் மேல் ஏற்றிவிடும்.

படகுத்துறையில் கட்டும்போது ஏற்றவற்றத்தை நினையுங்கள். மேடைக்கு அடியில் புகுந்துகொண்ட டிங்கி, தண்ணீர் ஏற ஏற மேடையின் உத்தரத்தில் மாட்டி அமுங்கிவிடும். தூண்களில் ஒட்டியிருக்கும் கூரிய ஓடுள்ள கொட்டலசும் டியூப்பைச் சீவிவிடும். நீளமான கயிற்றில் முன்முனையைக் கட்டி, பின்னால் சின்ன நங்கூரம் ஒன்றைப் போட்டுத் தள்ளி நிறுத்தினால் இரண்டும் நேராது.

இரவில், பயணத்தில்

நங்கூரத்தில் நிற்கும்போது இரவில் டிங்கியைத் தண்ணீரில் விட்டுவைக்காதீர்கள். கப்பலின் பக்கத்தில் தூக்கித் தொங்கவிட்டால் திருட்டுப் பயம் குறையும், அடியில் பாசியும் பிடிக்காது. தொங்கும்போது வடிகால் அடைப்பானைக் கழற்றிவிடுங்கள். ஒரு மழை பெய்தால் சேரும் தண்ணீரின் எடை தூக்குகயிறுகளை அறுத்துவிடும். அந்த அடைப்பானை நூலால் படகோடு கட்டி வையுங்கள்.

டிங்கியைப் பின்னால் இழுத்துப் போவது குறுகிய தூரத்துக்கு, அமைதியான நீரில் மட்டும். என்ஜினைக் கழற்றிக் கப்பலில் ஏற்றிவிட்டு, முன்பக்க இழுவை வளையங்கள் இரண்டிலும் கயிறு மாட்டி இழுக்கவேண்டும். கப்பலைப் பின்னோக்கி நகர்த்தும் முன் ஒருவர் அந்தக் கயிற்றைக் கையில் சுருட்டிப் பிடிக்காவிட்டால், அது கப்பலின் புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும். மிதக்கும் கயிறு இந்தத் தொல்லையைக் குறைக்கும். ஆனால் அப்படி மிதக்கும் பாலிப்ரோப்பிலீன் கயிறு வெயிலில் உதிரும், அடிக்கடி மாற்றவேண்டியிருக்கும். ஆழ்கடலுக்குக் கிளம்பினால் வேறு பேச்சே இல்லை: காற்றை இறக்கி, மடித்து, கட்டி வையுங்கள்.

பராமரிப்பு

துணிக்கு எதிரி மூன்று: வெயில், மணல், உப்பு. வெயிலுக்குத் துணியுறை போட்டால் ஆயுள் கணிசமாகக் கூடும். மணல் டியூப்பும் தரையும் சேரும் மூலையில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு அசைவிலும் துணியை அரைக்கும். அதனால் கழுவும்போது காற்றைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடுக்கைக் கையால் விரித்து நன்னீர் ஊற்றுங்கள். மென்மையான சோப் போதும். பளபளப்புக்காக சிலிக்கோன் கலந்த திரவங்களைத் தடவாதீர்கள். பிறகு அந்த இடத்தில் எந்தப் பசையும் ஒட்டாது. மடிக்கும் முன் நன்றாக உலரட்டும்.

காற்று இறங்குகிறது என்றால் சோப்புத் தண்ணீரை முதலில் வால்வைச் சுற்றி ஊற்றுங்கள். பல நேரம் வால்வை அதற்குரிய சாவியால் இறுக்கினாலே நின்றுவிடும். வெளியே எங்கும் குமிழி இல்லாமல் ஓர் அறை மட்டும் தளர்ந்து, பக்கத்து அறை இறுகினால் உள்தடுப்பு போய்விட்டது என்று அர்த்தம். அது பட்டறை வேலை.

பஞ்சர் ஒட்டுவதற்குப் பொறுமை வேண்டும். சைக்கிள் டியூப் சொல்யூஷன் இங்கே நிற்காது. பி.வி.சி.க்குப் பாலியூரித்தேன் பசை, ஹைப்பலானுக்கு நியோபிரீன் பசை, இரண்டும் கெட்டியாக்கும் திரவம் (ஹார்டனர்) கலந்து பூசும் வகையாக வாங்குங்கள். ஒட்டுத்துண்டை வட்டமாக வெட்டுங்கள், மூலை இருந்தால் அங்கிருந்துதான் உரியும். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் சுமார் 5 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். பென்சிலால் அளவு வரையுங்கள். ஹைப்பலானைத் தேய்தாளால் சொரசொரப்பாக்குங்கள், பி.வி.சி.யை அதற்குரிய கரைப்பானால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். இரண்டு பரப்பிலும் மெல்லிய பூச்சு ஒன்று, அது காய்ந்ததும் இன்னொன்று. இரண்டாவது பூச்சில் விரல் முட்டியை வைத்துப் பாருங்கள்: பிசுபிசுவென்று இழுக்கவேண்டும், ஆனால் பசை முட்டியோடு வரக்கூடாது. அந்த நேரத்தில் துண்டை ஒரு ஓரத்திலிருந்து படியவைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்தித் தேய்த்து, உள்ளே சிக்கிய காற்றை விரட்டுங்கள். 24 மணி நேரம் காற்றடிக்காதீர்கள். மழைக்காற்றிலும் கொளுத்தும் வெயிலிலும் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஈரம் பசைக்கு ஆகாது.

என்ஜினுக்கு முதல் மருந்து நன்னீர். வாளியில் வைத்து ஐந்து, பத்து நிமிடம் ஓடவிட்டால் உள்ளே உப்பு தங்காது. சில நாள் ஓட்டப்போவதில்லை என்றால் பெட்ரோலை அடைத்துவிட்டு, தானே நிற்கும் வரை ஓடட்டும். கார்புரேட்டரில் பிசின் படியாது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினை எந்தப் பக்கமாகப் படுக்கவைக்கலாம் என்று அதன் மேலேயே குறித்திருக்கும். மாற்றிப் படுக்கவைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் போய்விடும். கியர் எண்ணெய் வெளுத்துப்போய் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீல் மாற்றவேண்டும். உபரியாக ஸ்பார்க் பிளக், இம்பெல்லர், ஸ்டார்ட்டர் கயிறு, உங்கள் என்ஜினில் ஷியர் பின் (புரொப்பல்லர் எதிலாவது மோதினால் தான் முறிந்து மற்றதைக் காக்கும் ஊசி) இருந்தால் அதில் இரண்டு கப்பலில் இருக்கட்டும்.

என்ஜின் கடலில் விழுந்துவிட்டதா? எடுத்ததும் நன்னீரால் அலசி, பிளக்கைக் கழற்றி, கயிற்றை மெதுவாக இழுத்து உள்ளிருக்கும் நீரை வெளியேற்றி, எண்ணெய் தெளித்து, அன்றைக்கே ஓடவைக்கப் பாருங்கள். கயிறு இறுகி நின்றால் பலம் காட்டாதீர்கள். உள்ளே பிஸ்டனை இணைக்கும் தண்டு வளைந்திருக்கலாம். உடனே பார்க்க ஆளில்லை என்றால் நன்னீர்த் தொட்டியில் முழுக்கி வைப்பது நல்லது. காற்றில் உலர விட்டால்தான் துரு விரைவாகப் பிடிக்கும்.

ஒட்டுப் போட்டு ஓட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. துணியின் மேல்பூச்சு தேய்ந்து உள்நூல் தெரிகிறது, துணிகள் சேரும் ஓர் ஒட்டை ஒட்டினால் அடுத்த வாரம் இன்னொன்று விடுகிறது என்றால் பழைய பசை முழுவதும் செத்துவிட்டது என்று பொருள். அந்தப் படகில் ஆள் ஏற்றாதீர்கள். வால்வுகள், இழுவை வளையங்கள், துடுப்புத் தாங்கிகளைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் படாத அடிப்பாகத் துணியை நீளத் துண்டுகளாக வெட்டி வைத்தால், கப்பலின் கயிறுகள் உரசும் இடங்களில் சுற்றிக் கட்ட ரொம்ப நாளைக்கு வரும்.